ஒரே புற்று, ஒரே பிறழ்வு. நுரையீரலில் வந்த ஸ்டெயின் மூளையில் ஏன் வரவில்லை?

ஸ்லைடுக்காரி

வணக்கம். நான் ஒரு ஹிஸ்டோபேத்தாலஜி லேபில், அதாவது திசுவை வெட்டி நோய் பார்க்கும் லேபில், டெக்னீசியன். பிளாக் (மெழுகில் பதித்த திசு) வெட்டுவது, வெட்டி வரும் மெல்லிய ரிப்பனைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் எடுப்பது, ஸ்டெயின் போடுவது, கடைசியில் எல்லாவற்றையும் நம்பர் வரிசையில் அடுக்குவது, இதுதான் என் வேலை. ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்கள். ஆனாலும் ட்ரேயை மேலே அனுப்புவதற்கு முன் ஒரு முறை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

சமீபத்தில் மூளையிலிருந்து எடுத்த ஒரு கட்டி வந்தது. நோயாளிக்கு ஏற்கெனவே நுரையீரலில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி வகைப் புற்று. அந்தப் பழைய பயாப்சி பிளாக்கும் எங்கள் அலமாரியிலேயே இருந்ததால், இரண்டுக்கும் ஒரே ரன்னில் டிடிஎஃப்-1 (நுரையீரல் செல்லை அடையாளம் காட்டும் ஒரு புரதம்) ஸ்டெயின் போடச் சொன்னார்கள். நுரையீரல் பிளாக்கில் உட்கருக்கள் எல்லாம் பளிச்சென்று பிரவுன். மூளையிலிருந்து வந்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாகச் சில செல்கள். மற்றதெல்லாம் வெறும் நீலம்.

வேறு புற்றாக இருக்குமோ என்றால் அதுவும் இல்லை. இரண்டு பிளாக்கிலும் என்ஜிஎஸ், அதாவது மரபணு எழுத்துகளைப் படிக்கும் சோதனை, பார்த்திருக்கிறார்கள். கேராஸ் மரபணுவில் அதே பிறழ்வு, பி53 புரதத்தைத் தரும் டிபி53 மரபணுவிலும் அதே பிறழ்வு. டிடிஎஃப்-1 புரதத்தைத் தருகிற என்கேஎக்ஸ்2-1 மரபணுவும் அந்தப் பேனலில் (சோதித்த மரபணுப் பட்டியலில்) இருந்தது. அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். "பரவும்போது சில ஜீன் சைலன்ஸ் ஆயிடும்மா" என்றார். அதற்குள் ஃப்ரோசன் (ஆபரேஷன் நடக்கும்போதே பார்க்க வேண்டிய அவசரத் திசு) வந்துவிட்டது, ஓடிவிட்டார்.

எழுத்து மாறாமல் ஒரு மரபணு எப்படி அடங்கும்? கட்டியை அடக்கி வைக்கும் மரபணுக்கள் என்று படித்தோமே, பி53, ஆர்பி, பி16, அவையும் இப்படித்தான் போகின்றனவா? நுரையீரலை விட்டுக் கிளம்பும்போது நடக்கிறதா, அதற்கு முன்பே நடந்துவிடுகிறதா? பி.எஸ்சி. லேப் டெக்னாலஜி அளவுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

கண்ணாடித்தகடு

நான் பேத்தாலஜிஸ்ட். மரபணு விஷயத்தைப் பழைய பிபெட் வந்து எழுதுவார், அவருக்கு அதுதான் ஊண் உறக்கம். அதற்குள் ஸ்லைடைப் பற்றி நாலு வார்த்தை.

நுரையீரல் அடினோகார்சினோமாவில் நான்கில் மூன்று பங்குக்கு டிடிஎஃப்-1 வரும். பரவிய இடத்திலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதனால்தான் மூளையிலோ எலும்பிலோ ஒரு கட்டி வந்தால், "இது நுரையீரலிலிருந்து வந்ததா" என்று பார்க்க அதை நம்புகிறோம். எனவே காணாமல் போயிருந்தால் என் முதல் சந்தேகம் லேபின் மேல்தான். கோபித்துக்கொள்ளாதே அம்மா.

நுரையீரல் பிளாக்கில் கட்டிக்குப் பக்கத்திலேயே சாதாரண காற்றறைச் செல்கள் இருக்கும். அவை பிரவுன் ஆகியிருந்தால் ஸ்டெயின் வேலை செய்தது என்று தெரியும். மூளைப் பிளாக்கில் அந்த வசதி கிடையாது. அதே ஸ்லைடின் ஓரத்தில் ஒரு கண்ட்ரோல் திசு, அதாவது ஸ்டெயின் நிச்சயம் ஏற வேண்டிய தைராய்டு அல்லது நுரையீரல், ஒட்டினாயா? ஆபரேஷன் சனிக்கிழமை சாயங்காலம் முடிந்து திசு திங்கள்வரை ஃபார்மலினிலேயே கிடந்ததா? ரிட்ரீவல் (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூடாக்கி வெளிக்கொண்டு வருவது) நேரம் என்ன? எந்த க்ளோன், அதாவது எந்த ரக ஆன்டிபாடி? 8ஜி7ஜி3/1 என்றால் கொஞ்சம் கறார். எஸ்பிடி24 தாராளமாக எடுக்கும், சில சமயம் தேவைக்கு மேலேயும் எடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. பழைய பயாப்சி என்பது ஊசி முனையில் வந்த ஒரு துளி. நுரையீரலில் இருந்த மொத்தக் கட்டியையும் நாம் பார்க்கவே இல்லை. அதன் இன்னொரு மூலையில் டிடிஎஃப்-1 இல்லாத செல்கள் முன்பே இருந்திருக்கலாம், அவையே மூளைக்குப் போயிருக்கலாம். வழியில் எதுவும் அடங்கவில்லை, அடங்கியதுதான் வழிக்கே போனது என்றும் ஆகலாம்.

இதையெல்லாம் தள்ளிவிட்ட பிறகும் ஸ்டெயின் வரவில்லை என்றால், அப்புறம் உன் கேள்வி நல்ல கேள்வி.

பழைய பிபெட்

டாக்டர் சொன்ன கடைசிக்கு முந்தின பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள் சகோதரி, நான் சொல்லப்போவதில் பாதி அங்கேயே இருக்கிறது.

நான் நுரையீரல் புற்றில் மெத்திலேஷன் பார்க்கும் லேபில் வெகுகாலம் இருந்தவன். அந்தச் சோதனைக்கான பைசல்ஃபைட் ரசாயனத்தின் நாற்றம் சட்டையை விட்டுப் போகாத காலம் அது. அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானது, பரவல் பற்றிப் பாடப்புத்தகம் மனதில் பதிக்கிற படம் சரியில்லை என்பதுதான். ஒரு செல் நுரையீரலிலிருந்து கிளம்புகிறது, வழி நெடுக ஒவ்வொரு அடக்கி மரபணுவாக இழக்கிறது, மூளையை அடையும்போது முழு முரடனாகிவிடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பெரிய பிரேக்குகள் கிளம்புவதற்கு வெகு முன்பே போய்விடுகின்றன. கிளம்பும் சமயத்தில் அடங்குபவை வேறு வகை, அடங்கும் விதமும் வேறு.

முதலில் எப்படி அடங்குகிறது என்று பார்ப்போம். ஒரு கடையை இல்லாமல் ஆக்க மூன்று வழி உண்டு. இடித்துத் தள்ளலாம். ஷட்டரை இறக்கிப் பூட்டலாம். ஷட்டரை இறக்கி வெல்டும் வைத்துவிடலாம். உங்கள் என்ஜிஎஸ் பேனல் பார்ப்பது முதல் வகையை மட்டும்தான். எழுத்து மாறியிருக்கிறதா, துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று அது சொல்லும். மற்ற இரண்டும் அதன் கண்ணில் படாது.

ஷட்டரை இறக்குவது ஹிஸ்டோன் வேலை. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்று எச்3. அதன் 27ஆவது லைசினில் ஈஸெட்ஹெச்2 என்ற நொதி மூன்று மெத்தில் குழுக்களை ஒட்டும். அந்த இடம் இறுகிவிடும், மரபணு படிக்கப்படாது. கருவில் உறுப்புகள் உருவாகும்போது உடலே தினசரி செய்கிற வேலைதான் இது. தேவைப்பட்டால் திரும்பத் திறக்கலாம்.

வெல்டு வைப்பது டிஎன்ஏ மெத்திலேஷன். சைட்டோசினுக்கு அடுத்துக் குவானின் வரும் இடங்களில், அந்தச் சைட்டோசின் மேலேயே ஒரு மெத்தில் குழு ஏறும். பல மரபணுக்களின் வாசலில் இப்படிப்பட்ட இடங்கள் நெருக்கமாக இருக்கும், சிபிஜி தீவு என்பார்கள். சாதாரணச் செல்லில் அந்தத் தீவு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். புற்றுச் செல்லில் அங்கே மெத்தில் ஏறிவிடுகிறது. செல் பிரியும்போது டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் புது இழையிலும் அதே குறியைப் போட்டுவிடும். அதாவது எழுத்து மாறாமலேயே பேரன் கொள்ளுப்பேரன்வரை அடக்கம் தொடரும். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். பூட்டு இருந்த இடத்தில்தான் பின்னால் வெல்டு வருவதும் அதிகம். கருவின் மூலச் செல்களில் ஈஸெட்ஹெச்2 கூட்டணியின் குறி இருந்த மரபணுக்களே புற்றில் மெத்திலேஷனுக்கு அதிகம் ஆளாகின்றன என்று 2007இல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன.

ஒரே மரபணுவே எத்தனை வழியில் போகும் என்பதற்குப் பி16தான் எனக்குப் பிடித்த உதாரணம். 2012இல் அமெரிக்காவின் புற்று மரபணுத் தொகுப்புத் திட்டம் 178 ஸ்குவாமஸ் (தட்டைச் செல் வகை) நுரையீரல் கட்டிகளை அலசியது. 72 சதவீதத்தில் பி16ஐத் தரும் சிடிகேஎன்2ஏ செயலிழந்திருந்தது. மொத்தக் கட்டிகளில் 29 சதவீதம் மரபணு முழுக்க வெட்டுண்டு போனது, 21 சதவீதம் மெத்திலேஷன், 18 சதவீதம் எழுத்துப் பிறழ்வு, மிச்சம் 4 சதவீதம் ஒரு எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) தவறிப்போனது. கட்டிக்கு அந்த பிரேக் போக வேண்டும், அவ்வளவுதான். எந்த வழியில் போகிறது என்பதில் அதற்கு ஒரு பிடிவாதமும் இல்லை. டிபி53 அப்படியல்ல, அது பெரும்பாலும் எழுத்துப் பிறழ்வில்தான் போகும். ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ என்ற இன்னொரு அடக்கி நேரெதிர், 3ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு பிரதி வெட்டுண்டு போகும், மறு பிரதியில் வெல்டு. ஸ்மால் செல் என்ற நுரையீரல் புற்று வகையில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது இப்படி அடங்கிக் கிடக்கும். 1971இல் நட்சன் விழித்திரைப் புற்றைக் கணக்குப் போட்டு, அடக்கியின் இரண்டு பிரதியும் போக "இரண்டு அடி" வேண்டும் என்றாரே, அந்த இரண்டாவது அடி மெத்திலேஷனாகவும் இருக்கலாம் என்று தெரிந்ததுதான் எங்கள் துறைக்கே சோறு போட்டது.

இனி எப்போது என்ற கேள்வி. நியூ மெக்ஸிகோவின் ஆல்புகெர்க்கியில் ஸ்டீவன் பெலின்ஸ்கியின் குழு 1998இல் ஒரு வேலை செய்தது. புற்றாக மாறுவதற்கு முந்தைய மாற்றங்களைத் தனித்தனியாகச் சுரண்டி எடுத்துப் பி16 மெத்திலேஷனைத் தேடினார்கள். அடிச்செல் பெருக்கத்திலேயே 17 சதவீதம், செல்கள் தட்டை வகையாக மாறும் ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியாவில் 24, இருந்த இடத்திலேயே நிற்கும் கார்சினோமா இன் சிட்டுவில் 50. கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூடப் புற்று அடிச்சவ்வைத் தாண்டி உள்ளே பரவிய நிலை இல்லை. அடுத்து 2000இல், ஸ்குவாமஸ் புற்று கண்டுபிடிக்கப்பட்டவர்களின் சளியை 3 ஆண்டுவரை பின்னோக்கிப் போய்ப் பார்த்தபோது, பி16 அல்லது எம்ஜிஎம்டி என்ற மரபணுவின் மெத்திலேஷன் அங்கேயே இருந்தது. டிபி53க்கும் இதே கதைதான். லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டன் நடத்தும் ட்ரேசர்எக்ஸ் ஆய்வு, ஒரே கட்டியைப் பல இடத்தில் வெட்டிப் படிக்கிறது. 2017இல் முதல் 100 பேரின் முடிவு வந்தபோது, டிபி53, ஈஜிஎஃப்ஆர் பிறழ்வுகள் கிட்டத்தட்ட எப்போதும் கட்டியின் எல்லாச் செல்லிலும் இருந்தன. உங்கள் இரண்டு பிளாக்கிலும் டிபி53 ஒன்றாகவே வந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் பரவும்போது என்னதான் அடங்குகிறது? பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்: பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருக்கும் குணம், "நான் நுரையீரல் செல்" என்ற அடையாளம். இரண்டாவதுதான் உங்கள் ஸ்லைடு.

முதலாவதற்கு ஈ-கேடெரின், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம். ஒட்டிக்கொண்டிருக்கும் செல் பயணம் போக முடியாது. இசெட்ஈபி1 என்ற புரதம் ஈ-கேடெரின் மரபணுவின் வாசலில் உட்கார்ந்து அதை அடக்கும். அந்த இசெட்ஈபி1ஐ அடக்கி வைப்பது மிர்-200 என்ற குட்டி ஆர்என்ஏக் குடும்பம். அந்தக் குடும்பத்தை இசெட்ஈபி1 திரும்ப அடக்கும். யார் கை ஓங்குகிறதோ அதற்கேற்பச் செல் நிலை மாறும். 2009இல் டெக்சாஸில் கேராஸும் பி53உம் பிறழ்ந்த எலிகளின் நுரையீரல் கட்டிச் செல்களில் மிர்-200ஐ வலுக்கட்டாயமாக இயக்கினார்கள். அந்தச் செல்கள் பரவும் திறனையே இழந்தன. இங்கே பாருங்கள், இது வெல்டு வைக்கிற வேலையே இல்லை. ஷட்டரை இறக்குவதும் ஏற்றுவதும்தான். கல்லீரலிலோ மூளையிலோ போய் இறங்கிய கட்டியில் ஈ-கேடெரின் திரும்ப பிரவுனாக வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். போன இடத்தில் குடும்பம் நடத்த ஒட்டும் குணம் மறுபடி வேண்டியிருக்கிறது. நிரந்தரமாக வெல்டு வைத்த செல் அங்கே தடுமாறும் என்பது என் கருத்து. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது என்கேஎக்ஸ்2-1. எம்ஐடியில் டைலர் ஜாக்ஸின் லேபில் 2011இல், அதே கேராஸ், பி53 எலிகளில் பரவிய கட்டிகளையும் பரவாதவற்றையும் ஒப்பிட்டார்கள். பரவியவற்றில் என்கேஎக்ஸ்2-1 இறங்கியிருந்தது. அது இறங்கினால் எச்எம்ஜிஏ2 என்ற, கருக்காலத்தோடு ஓய்வு பெற வேண்டிய மரபணு தலைதூக்குகிறது. 2013இல் இன்னும் விசித்திரமான ஒன்று தெரிந்தது. எலியின் நுரையீரல் கட்டியில் என்கேஎக்ஸ்2-1ஐ எடுத்துவிட்டால் செல்கள் வயிற்றுச் செல் மாதிரி ஆகி, சளி சுரக்க ஆரம்பிக்கின்றன. நுரையீரலுக்குள்ளேயே ஒரு இரைப்பை அடையாளம் அடங்கிக் கிடந்திருக்கிறது, இது போனதும் அது எழுந்துவிட்டது. சில கட்டிகளில் இது எழுத்துப் பிறழ்வால் நடக்கிறது, சிலவற்றில் மெத்திலேஷனால். உங்களுடையது என்னவென்று ஸ்டெயினை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. என்கேஎக்ஸ்2-1ஐ "கட்டி அடக்கி" பட்டியலில் ஒரேயடியாகச் சேர்த்துவிடாதீர்கள். சில அடினோகார்சினோமாக்களில் இதே மரபணு பல பிரதிகளாகப் பெருகி, கட்டியை வளர்க்கும் பக்கம் நிற்கிறது. நல்லவன் கெட்டவன் என்று பிரிக்கிற நம் பழக்கத்துக்கு இது ஒத்துவராது.

மழைக்காகம்

அண்ணா, அருமை. மூன்று தடவை படித்தேன். என் மாமனாருக்கு நுரையீரல் புற்று, எலும்பில் பரவியிருக்கிறது, ரிப்போர்ட்டில் எஸ்டிகே11 என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் பதிவில் அதைப் பற்றி இல்லையே? அப்புறம், ஷட்டரை மூடியதுதான் பிரச்சினை என்றால் திறக்கிற மருந்து கொடுத்துவிடலாமே. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மஞ்சள் மெத்திலேஷனை நீக்கும் என்று ஒரு சித்தப்பா தினமும் அனுப்புகிறார். நாங்கள் பாலில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய பிபெட்

தம்பி, மாமனார் விஷயத்தில் மருந்து முடிவு அவருடைய ஆன்காலஜிஸ்டுடையது, நான் டாக்டர் இல்லை. பின்னணியை மட்டும் சொல்கிறேன்.

எஸ்டிகே11 தருகிற புரதத்தின் பெயர் எல்கேபி1. அடினோகார்சினோமாவில் ஆறில் ஒன்று என்ற அளவில் இது பிறழ்ந்திருக்கும். இதை விட்டது நீளம் கருதித்தான், ஆனால் பரவலைப் பற்றிப் பேசினால் விடக்கூடாத ஆள். 2007இல் பாஸ்டனில் குவோக்-கின் வாங்கின் குழு, கேராஸ் பிறழ்ந்த எலிகளில் ஒவ்வொரு அடக்கியாக எடுத்துப் பார்த்தது. பி53ஐ எடுத்ததைவிட, பி16 இருக்கும் இடத்தை எடுத்ததைவிட, எல்கேபி1ஐ எடுத்தபோதுதான் பரவல் அதிகம்.

அதைவிட எனக்குச் சுவாரசியமானது 2019இல் வந்தது. ஒரு அடக்கியை இழந்தால், அதன் விளைவாக வேறொரு மரபணுவுக்கு வெல்டு விழுகிறது. எல்கேபி1 போனதும் செல்லின் வளர்சிதை மாற்றம் திசை மாறி, மெத்தில் குழு தருகிற எஸ்-அடினோசில்மெத்தியோனின் பெருகுகிறது. டிஎன்எம்டி1உம் ஈஸெட்ஹெச்2உம் அதை வைத்து ஸ்டிங் என்ற மரபணுவை அடக்கிவிடுகின்றன. செல்லுக்குள் டிஎன்ஏ இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் எதிர்ப்பு மண்டலத்தைக் கூப்பிடும் மணி அந்த ஸ்டிங். மணி அடிக்காவிட்டால் புற்றைத் தாக்கும் டி செல்கள் வருவதில்லை. கேராஸ் பிறழ்வோடு எஸ்டிகே11 பிறழ்வும் உள்ளவர்களுக்குப் பிடி-1 வகை இம்யூனோதெரபி (டி செல்களின் கட்டை அவிழ்த்துவிடும் சிகிச்சை) குறைவாகவே வேலை செய்கிறது என்று 2018இல் வந்த முடிவுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மாமனார் ரிப்போர்ட்டில் எஸ்டிகே11 பக்கத்தில் கேராஸும் இருக்கிறதா என்று பார்த்து, "இம்யூனோதெரபி யோசிக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்களா" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திறக்கிற மருந்து உண்டு. அசாசிட்டிடின் 2004இல், டெசிட்டபின் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன, எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு. சைட்டோசின் மாதிரியே வேஷம் போட்டுப் புது டிஎன்ஏவுக்குள் நுழைந்து, குறி போட வரும் டிஎன்எம்டி1ஐப் பிடித்து மாட்டிவிடும். அடுத்தடுத்துச் செல் பிரியும்போது குறி குறைந்துகொண்டே வரும். நுரையீரல் புற்றில் இதை முயன்றவர்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டீபன் பேலின், சார்ல்ஸ் ரூடின் ஆகியோர் இருந்த குழு. அசாசிட்டிடினோடு என்டினோஸ்டாட் என்ற, ஹிஸ்டோன் பக்கத்தைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்து, ஏற்கெனவே பல சிகிச்சை பார்த்து மீண்டும் வந்த 45 பேருக்குக் கொடுத்தார்கள். 2011இல் முடிவு. ஒருவருக்குக் கட்டி முழுக்க மறைந்தது, இன்னொருவருக்குச் சுருங்கியது. மற்றவர்களுக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லை.

ஏன் என்றால் பல காரணம். மருந்து டிஎன்ஏவுக்குள் நுழையச் செல் பிரிய வேண்டும். உறங்கிக் கிடக்கும் பரவிய செல்லை அது தொடாது. நிறுத்தினால் குறி திரும்ப ஏறும். எந்தக் கடையைத் திறக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது, தெரு முழுக்கத் திறக்கும். மேலும் முதல் பதிவில் சொன்னேனே, டிபி53 எழுத்தே பிறழ்ந்து போயிருக்கும்போது இடித்த கடைக்கு ஷட்டர் திறந்து என்ன செய்வது? அதனால்தான் இப்போது சிலர் இதைக் கடைசிக் கட்டத்தில் கொடுக்காமல் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு கொடுக்க யோசிக்கிறார்கள். 2020இல் எலிகளில் அப்படிக் குறைந்த அளவில் அதே இரண்டு மருந்தைக் கொடுத்தபோது பரவல் தள்ளிப்போனது. சுவாரசியம் என்னவென்றால், வேலை நடந்தது புற்றுச் செல்லில்கூட இல்லை. போய் இறங்கப்போகும் இடத்தை முன்கூட்டித் தயார் செய்கிற ஒரு வகை வெள்ளணுக்களை அந்த மருந்து தடுத்துவிட்டது.

மஞ்சள். அதில் உள்ள குர்குமின் மெத்திலேஷனைக் குறைத்தது என்று வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை தட்டில் வளர்த்த செல்கள். அங்கே ஊற்றுகிற அளவு, வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வரவே வராது. குடலில் உறிஞ்சப்படுவது சொற்பம், அதையும் கல்லீரல் மாற்றிவிடும். பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பதில் தப்பில்லை, அவருக்குப் பிடித்தால் கொடுங்கள். மாத்திரையாக அடைத்து விற்கிறார்களே, அதைக் கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

ஸ்லைடுக்காரி

டாக்டர், திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் தைராய்டு துண்டு ஒட்டி, எஸ்பிடி24 க்ளோனிலும் போட்டேன். தைராய்டு பளிச்சென்று வந்தது. மூளைக் கட்டியில் கொஞ்சம் கூடுதலாகச் செல்கள் பிடித்தன, ஆனாலும் பெரும்பகுதி நீலமேதான். ஃபார்மலினில் கிடந்ததும் ஒரு ராத்திரிதான், ரெஜிஸ்டரில் பார்த்துவிட்டேன்.

பிபெட் அண்ணா, வெல்டு வைத்திருக்கிறதா இல்லையா என்று எங்கள் பிளாக்கிலிருந்தே பார்க்க முடியுமா? மேலே டாக்டரிடம் சொன்னேன். ஆர்வமாகத்தான் கேட்டார், பக்கத்துக் கல்லூரி லேபில் பிசிஆர் இருக்கிறது என்றார். அப்புறம் இன்னொரு கேள்வி: இந்த மாதிரிக் குறியை வைத்து, யாருக்குப் பரவும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா?

கண்ணாடித்தகடு

சபாஷ். இனி லேபைச் சந்தேகப்பட மாட்டேன்.

அந்த மூளைப் பிளாக்கில் ஹெச்&ஈ ஸ்லைடை, அதாவது வழக்கமான அடிப்படை ஸ்டெயினை, மறுபடி பார்க்கச் சொல். செல்லுக்குள் சளி தெரிகிறதா? சளியைக் காட்டும் மியூசிகார்மின் ஸ்டெயின் ஒன்று போட்டு வை, செலவு குறைவு. எச்என்எஃப்4ஏ என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி இருந்தால் அதையும் போடு. டிடிஎஃப்-1 இல்லாமல் எச்என்எஃப்4ஏ வந்தால், பிபெட் சொன்ன இரைப்பைப் பக்கம் சாய்ந்த கட்டி என்று நினைக்க இடம் உண்டு. நுரையீரலின் மியூசினஸ் வகை அடினோகார்சினோமாவில் இந்த ஜோடியைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம். வயிறு, குடல், கணையத்திலும் எச்என்எஃப்4ஏ வரும் என்பதால், உங்கள் கேஸில் என்ஜிஎஸ் பொருந்தியிருப்பது பெரிய ஆறுதல்.

பழைய பிபெட்

பார்க்க முடியும். பாரஃபின் பிளாக்கிலிருந்து வரும் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும், பைசல்ஃபைட் அதை இன்னும் உடைக்கும். அதனால் பிசிஆர் பிரைமரை (பெருக்க வேண்டிய இடத்தைப் பிடிக்கும் குட்டி டிஎன்ஏ) குட்டையான துண்டுக்கு வடிவமைக்கச் சொல்லுங்கள், 100 முதல் 150 எழுத்துக்குள். பைசல்ஃபைட் செய்வது என்னவென்றால், மெத்தில் இல்லாத சைட்டோசினை யூராசிலாக மாற்றிவிடும், மெத்தில் ஏறியதைத் தொடாது. அதன்பிறகு இரண்டு வகைக்கும் தனித்தனிப் பிரைமர் போட்டுப் பிசிஆர் செய்தால் எது ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். ஜேம்ஸ் ஹெர்மன் 1996இல் வெளியிட்ட முறை, இன்றும் சின்ன லேபுக்கு அதுதான் கட்டுப்படியாகும். முழுக்க மெத்தில் ஏற்றிய டிஎன்ஏ ஒன்று, ஏறாதது ஒன்று, இரண்டையும் கண்ட்ரோலாக ஓட்டாமல் எந்த முடிவையும் நம்ப வேண்டாம். மெத்திலேஷன் வரவில்லை என்றால் அது தோல்வி அல்ல. பூட்டு மட்டும் விழுந்திருக்கலாம், அதைப் பார்க்க வேறு வழி, அது உங்கள் பிளாக்கில் கஷ்டம்.

யாருக்குப் பரவும் என்ற கேள்விக்கு: 2008இல் ஹாப்கின்ஸ் குழு, முதல் கட்டத்திலேயே அறுவை சிகிச்சை செய்தும் 40 மாதத்துக்குள் புற்று திரும்ப வந்த 51 பேரையும், வராத 116 பேரையும் ஒப்பிட்டது. பி16, சிடிஹெச்13, ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ, ஏபிசி, இந்த நான்கு மரபணுக்களின் மெத்திலேஷன் சீக்கிரம் திரும்ப வருவதோடு சேர்ந்து போனது. நான் அந்தக் கட்டுரையில் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் வேறு. மைக்ரோஸ்கோப்பில் சுத்தம் என்று எழுதப்பட்ட நிணநீர் முடிச்சுகளில்கூட அந்தக் குறி அகப்பட்டது. கட்டியிலும் முடிச்சிலும் பி16உம் சிடிஹெச்13உம் சேர்ந்து இருந்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். ஆனால் அதை வைத்து ஒரு நோயாளியிடம் "உங்களுக்குத் திரும்ப வரும்" என்று சொல்கிற அளவுக்கு இது அன்றாடச் சோதனையாக ஆகவில்லை.

வெட்டும்போது ஒன்று செய்யுங்கள். நுரையீரல் பிளாக்குக்கும் மூளைப் பிளாக்குக்கும் நடுவில் பிளேடை மாற்றுங்கள், ஃபோர்செப்ஸையும் துடையுங்கள். முகப்பில் வரும் முதல் சில செக்ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்து 10 மைக்ரானில் எடுத்து நேராக டியூபில் போடுங்கள், தண்ணீரில் மிதக்கவிட வேண்டாம். மூளைப் பிளாக்கில் கட்டி இல்லாத பகுதி நிறைய இருந்தால் டாக்டரை ஹெச்&ஈ ஸ்லைடில் பேனாவால் வட்டம் போடச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். நுரையீரல் பயாப்சி சின்னது. ரிப்போர்ட்டுக்கு ஏதாவது தேவைப்பட்டால் மிச்சம் இருக்க வேண்டும், அதை முடித்துவிடாதீர்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் பிளாக் வெளியே போகக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.